பணத்தை எப்போது கேட்பீர்கள்? அரசு அணிக்கும் தனியார் அணிக்கும் ஒரு திறந்த மடல்

மருத்துவம் வரிப்பணத்தில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று மேடையேறுபவர்களுக்கும், தனியாரிடம் விட்டால்தான் அது உருப்படும் என்று எதிர்மேடை போடுபவர்களுக்கும் வணக்கம்.

நான் டாக்டர் இல்லை. பொருளாதாரம் படித்தவனும் இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்தவன். எனக்கும் வெளியில் நிற்பவருக்கும் நடுவில் கண்ணாடி இருக்கும்; அதன் அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு அரைவட்டமாக வெட்டியிருக்கும். கூட்ட நேரத்தில் முகம் பார்க்க முடியாது, கைகளைத்தான் பார்ப்பேன். ஒரு கை இன்னும் நினைவிருக்கிறது. மனைவியை ஐசியூவில் சேர்த்துவிட்டு அட்வான்ஸ் கட்ட வந்தவருடையது. அன்று அந்தக் கையில் மோதிரம் இருந்தது. மூன்றாம் நாள், "இன்னும் கொஞ்சம் கட்டணும் சார், பேலன்ஸ் மைனஸ்ல போகுது" என்று நான் போன் பண்ணிக் கூப்பிட்டேன். வந்தார். மோதிரம் இருந்த இடத்தில் வெளுத்த வளையம் மட்டும் தெரிந்தது. எண்ணி வாங்கி ரசீது கொடுத்தேன். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார், அதையும் சொல்லிவிட வேண்டும். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் விவாதங்களைக் கேட்கும்போதெல்லாம் அந்த விரல்தான் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரி யாருக்குச் சொந்தம் என்பதில்தான் உங்கள் சண்டை முழுவதும். கவுண்டருக்குள் இருந்து பார்த்தவனுக்கு அது இரண்டாவது கேள்வி. பணத்தை எப்போது கேட்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. உடம்பு நன்றாக இருக்கும்போது, எல்லோரிடமும், அவரவர் வருமானத்துக்குத் தக்கபடி கேட்கிறார்களா? படுக்கையில் விழுந்தபிறகு, விழுந்தவரிடம் மட்டும் கேட்கிறார்களா?

முதல் வழியைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது புரட்சிக்காரர் யாரும் இல்லை. சோஷலிஸ்டுகளை அடக்க வழி தேடிக்கொண்டிருந்த ஜெர்மன் சான்சலர் (பிரதமர் போன்ற பதவி) பிஸ்மார்க், 1883-இல் ஜெர்மனியில் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளி, ஒரு பங்கு முதலாளி. அதன் வழிவந்த நோய்நிதிகள், அதாவது சந்தா வாங்கிச் சிகிச்சைச் செலவைக் கட்டும் அமைப்புகள், இன்றும் ஏறக்குறைய நூறு இருக்கின்றன. அரசு, தொண்டு, தனியார் என்று மூன்று வகை ஆஸ்பத்திரிகளுக்கும் அவை பணம் தருகின்றன. அரசு அணி எப்போதும் உதாரணம் காட்டுவது, 1948 ஜூலை 5 அன்று தொடங்கிய பிரிட்டனின் என்ஹெச்எஸ்ஸை, அதாவது வரிப்பணத்தில் நடக்கும் அவர்களுடைய தேசிய மருத்துவச் சேவையை. அங்கே நோயாளி முதலில் போய்ப் பார்க்கும் குடும்ப மருத்துவரோ, பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பேரில் சொந்தமாகக் கிளினிக் நடத்துபவர். கனடாவிலும் டாக்டர்கள் பெரும்பாலும் தனியாகத் தொழில் நடத்துகிறார்கள், பில் மாகாண அரசுக்குப் போகிறது. தைவான் 1995-இல் எல்லோரையும் ஒரே காப்பீட்டுக்குள் கொண்டுவந்தபோது, அங்கிருந்த ஆஸ்பத்திரிகளில் பெரும்பான்மை தனியாருடையவை. சிகிச்சை யார் கொடுத்தாலும், கட்டில் ஓரத்தில் நின்று பெரிய தொகை கேட்பதில்லை என்பதுதான் இவற்றுக்குள் பொது.

தனியார் அணியிடம் முதலில் பேசிவிடுகிறேன், சோறு போட்ட இடம் அது.

நோயாளியும் வாடிக்கையாளர்தான், நாலு இடம் விசாரித்து நல்ல இடமாகப் போவார், போட்டியில் விலை இறங்கும் என்கிறீர்கள். கண்புரை, மூட்டு மாற்று போல நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களில் இது ஓரளவு நடக்கிறது. எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு போவார்கள், வேறு இடத்து எஸ்டிமேட்டோடு திரும்பி வருவார்கள், நாங்களும் கொஞ்சம் இறங்குவோம். மாரடைப்போடு வந்தவர் எஸ்டிமேட் கேட்டு நான் பார்த்ததில்லை. கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1963-இலேயே இதை விளக்கி எழுதிவிட்டார். நோய் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபின் என்ன வாங்குகிறோம் என்பதும் வாங்குபவரை விட விற்பவருக்கே அதிகம் தெரியும். இப்படிப்பட்ட சரக்கில் சாதாரணச் சந்தை ஒழுங்காக வேலை செய்யாது என்றார். அவர் சந்தைக்கு விரோதி ஒன்றும் இல்லை. போட்டிச் சந்தைகளில் சமநிலை சாத்தியம் என்று கணிதமாகவே நிறுவிக்காட்டியவர்களில் ஒருவர். எங்கள் கவுண்டரிலும் அதுதான் கதை. எந்த டெஸ்ட் எடுப்பது என்று எந்த நோயாளியும் தேர்ந்தெடுத்ததில்லை. நாங்கள் எழுதினோம், அவர்கள் கட்டினார்கள்.

"அதற்குத்தானே இன்ஷூரன்ஸ்" என்பீர்கள். சரி, அதுவும் முன்கூட்டியே வாங்கும் பணம்தான். ஆனால் யாரிடம் வாங்குவது என்பதைக் கட்டுப்பாடில்லாத இடத்தில் கம்பெனி பொறுக்கி எடுக்கும். ஏற்கெனவே சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தால் சந்தா ஏறும், காத்திருப்புக் காலம் வரும், சில நேரம் கதவே சாத்தப்படும். சந்தா ஏறினால் திடமாக இருப்பவர்கள் கழன்றுகொள்வார்கள். மிஞ்சியவர்களில் நோயாளிகள் அதிகமாவார்கள். சந்தா மறுபடி ஏறும். சுவிட்சர்லாந்து 1996 முதல் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. காப்பீடு அங்கே தனியார் கம்பெனிகளிடம்தான். ஆனால் எல்லோரும் சேர்ந்தே ஆக வேண்டும், கம்பெனி யாரையும் மறுக்கக்கூடாது, நோயைக் காரணம் காட்டிச் சந்தாவை ஏற்றக்கூடாது, அடிப்படைக் காப்பீட்டில் லாபமும் எடுக்கக்கூடாது. இவ்வளவும் போட்டபிறகு அதைத் தனியார் மருத்துவம் என்று சொந்தம் கொண்டாடுவீர்களா என்பது உங்கள் இஷ்டம்.

செலவைப் பற்றியும் ஒன்று. எங்கள் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் ஆறு பேர். ஒருவரும் ஒரு நோயாளிக்கும் ஊசி போட்டதில்லை. காலையில் ப்ரீ-ஆத் (சிகிச்சைக்கு முன்அனுமதி கேட்கும் விண்ணப்பம்) அனுப்புவார்கள், கம்பெனியிலிருந்து கேள்வி வரும், பதில் அனுப்புவார்கள், இன்னொரு கேள்வி வரும். டிஸ்சார்ஜ் ஆன நோயாளி உடை மாற்றி, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, ஃபைனல் அப்ரூவலுக்காக இருட்டும் வரை வார்டில் உட்கார்ந்திருப்பார். எங்கள் பில்லை வெட்டுவதற்குக் கம்பெனிப் பக்கமும் ஆறு பேராவது இருந்திருப்பார்கள். இந்தப் பன்னிரண்டு பேரின் சம்பளமும் அந்த நோயாளியின் தலையில்தான். அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்தில் கொட்டுகிறது, பணக்கார நாடுகளில் அதுவே உச்சம். அப்படியிருந்தும் கோடிக்கணக்கானவர்கள் அங்கே காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள். (ஆயுட்காலமும் ஜப்பானையோ கனடாவையோ விடக் குறைவு. ஆனால் ஆயுளை ஆஸ்பத்திரி மட்டும் முடிவு செய்வதில்லை, துப்பாக்கியும் சாலை விபத்தும் போதைமருந்தும் உண்டு. அதனால் அந்த ஒப்பீட்டை வைத்து நான் வழக்காட மாட்டேன்.) அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பணம் பார்க்காமல் பரிசோதித்து உயிர் காக்க வேண்டும் என்று அங்கே 1986-இல் சட்டம் போட வேண்டியிருந்தது. பில் அப்புறம் வீடு தேடி வரும்.

"கையிலிருந்து காசு போனால்தான் அருமை தெரியும்" என்ற உங்கள் வாதத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இதை நிஜமாகவே சோதித்திருக்கிறார்கள். 1970-களில் ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் அமெரிக்கக் குடும்பங்களைக் குலுக்கல் போலப் பிரித்து, சிலருக்கு முழுச் சிகிச்சையும் இலவசமாகவும், மற்றவர்கள் செலவில் ஒரு பங்கைத் தாங்களே கட்டும்படி வெவ்வேறு அளவில் வைத்தும் வருடக்கணக்கில் கவனித்தது. பங்கு கட்டியவர்கள் டாக்டரிடம் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். சராசரிக் குடும்பத்தின் உடல்நலம் அதனால் பெரிதாகக் கெடவில்லை, இது உங்களுக்குச் சாதகம். ஆனால் அவர்கள் குறைத்ததில் வேண்டாத சிகிச்சையும் வேண்டிய சிகிச்சையும் ஏறக்குறைய ஒரே அளவு. எது வெட்டி, எது அவசியம் என்று நோயாளிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஏழைகளில் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தபோது கட்டுப்பாடு கூடியிருந்தது. மோதிரக்காரரிடம் வருகிறேன். டிஸ்சார்ஜ் அன்று அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க, அதுக்கு எவ்ளோ ஆகும்?" சொன்னேன். அந்தத் தேதியில் அவர்கள் வரவில்லை. அருமை தெரியாமலா வராமல் இருந்தார்கள்?

அரசு அணி இதுவரை தட்டிய கை போதும். உங்கள் கணக்கும் இருக்கிறது.

என் அம்மாவுக்கு முதுகில் வலி. நான் கொள்கைக்காரன் அல்லவா, அரசு மருத்துவமனைக்குத்தான் அழைத்துப்போனேன். டாக்டர் நல்லவர், பொறுமையாகப் பார்த்தார், ஸ்கேன் எழுதினார். ஸ்கேன் பிரிவில் ஒரு சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மாதம் தள்ளி இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தார். மறுநாள் நான் வேலை பார்த்த இடத்துக்கே அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்துவிட்டேன். ஸ்டாஃப் கன்செஷன் உண்டு. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கு அது இல்லை.

வரிசைக்கும் விலை உண்டு, பணத்துக்குப் பதிலாக நாட்களில் கட்டுகிறோம், அவ்வளவுதான். தினக்கூலிக்காரர் அதைப் பணமாகவே கட்டுகிறார். இங்கிலாந்தில் 2022-இல் காத்திருப்புப் பட்டியல் எழுபது லட்சத்தைத் தாண்டியது. பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை என்ற அவர்களுடைய சொந்த இலக்கை 2016-க்குப் பிறகு எட்டவே முடியவில்லை. கனடாவில் இடுப்பு மூட்டுக்காகக் காத்திருந்து நொந்த ஒரு நோயாளியும் ஒரு டாக்டரும் தொடுத்த வழக்கில், கியூபெக் மாகாணம் தனியார் காப்பீட்டுக்குப் போட்டிருந்த தடையை உச்ச நீதிமன்றம் 2005-இல் செல்லாது என்று ரத்து செய்தது. காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைப்பது சிகிச்சை கிடைத்ததாகாது என்று அந்தத் தீர்ப்பில் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மேடைகளில் இதை யாரும் படித்துக்காட்டிக் கேட்டதில்லை.

இலவசம் என்ற சொல்லையும் தயவுசெய்து கைவிடுங்கள். முன்பே கட்டிவிட்ட பணம் அது. இலவசம் என்று சொன்ன மறுநிமிடம், கொடுத்ததை வாங்கிக்கொண்டு போ என்ற தொனி கவுண்டரில் வந்துவிடுகிறது. தவிர, எது முழுவதும் உள்ளே, எது வெளியே என்பதில் எந்த அரசும் சுத்தம் இல்லை. என்ஹெச்எஸ்ஸை உருவாக்கிய அனைரின் பெவனே, பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் போட முடிவானபோது 1951-இல் அமைச்சர் பதவியை விட்டு விலகினார், தொடங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கனடாவில் ஆஸ்பத்திரிக்கு வெளியே வாங்கும் மாத்திரைகளில் பெரும்பகுதி பல காலமாகப் பொதுக் காப்பீட்டுக்கு வெளியேதான் கிடந்தது.

மிகையாக வாக்குறுதி கொடுப்பதும் உங்கள் வழக்கம். 2008-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் இடம் குறைவாக இருந்ததால் குலுக்கல் போட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, இடம் கிடைத்தவர்களின் ரத்த அழுத்தத்திலோ சர்க்கரையிலோ சொல்லும்படியான மாற்றம் தெரியவில்லை. மனச்சோர்வு குறைந்திருந்தது. குடும்பத்தையே சாய்க்கும் அளவு மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. காப்பீடு முதலில் காப்பாற்றுவது குடும்பத்தின் பணத்தை; உடம்பைக் காப்பாற்ற அதற்குமேல் நிறைய வேலை வேண்டும். அந்த மோதிரம் விரலில் இருப்பதே எனக்குப் பெரிய விஷயம், ஆனால் அதற்கு மேல் நீங்கள் சத்தியம் செய்யும்போது எதிரணி சிரிக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்பதில் இரண்டு பேருமே வாய் திறப்பதில்லை. செய்த ஒவ்வொன்றுக்கும் காசு என்றால் டெஸ்ட் பெருகும், எங்கள் இடத்தில் பெருகியது. தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்தால் குறைத்துச் செய்யத் தோன்றும். மாதச் சம்பளம் என்றால் பன்னிரண்டு மணிக்கு ஓபி காலியாகும். இதில் எதையும் கண்காணிப்பு இல்லாமல் விட்டால் நோயாளிதான் பாடு படுவார்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். தனியார் அணி தங்கள் அடுத்த கூட்டத்தில், நோயைக் காரணம் காட்டி எவரையும் மறுக்கமாட்டோம், சந்தாவை ஏற்றமாட்டோம் என்ற சுவிஸ் விதியை ஏற்பதாக அறிவிக்கட்டும். அதன்பின் போட்டி, தரம் எல்லாம் பேசுங்கள், முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

அரசு அணிக்கு டென்மார்க்கைச் சொல்கிறேன். இரண்டு மாதத்துக்குள் பொது மருத்துவமனையால் சிகிச்சை தர முடியாவிட்டால், அரசு ஒப்பந்தம் போட்ட தனியார் மருத்துவமனைக்கு அரசு செலவிலேயே போகலாம் என்று 2002-இல் அங்கே உரிமை கொடுத்தார்கள். 2007-இல் அந்தக் கெடுவை ஒரு மாதமாகக் குறைத்தார்கள். உங்கள் மாநாட்டில் இதைத் தீர்மானமாகப் போடுவீர்களா? போடுவதென்றால் கையெழுத்துப் போட நானும் வருகிறேன். அம்மாவுக்குத் தேதி எழுதிக் கொடுத்த அந்தச் சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் பில்லிங் ஊழியர் ஒருவர்