பூஜ்ஜியத்தில் வைத்து ஒரு படம்

ஹட்டன்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே உன் சுகமும் மருமகன் சுகமும் அறிய ஆவல். பின்னேரமானால் மழை பிடித்துக்கொள்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன், முதலில் உன் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீ மின்னஞ்சலில் அனுப்பிய 11 படங்களையும் பெரியவன் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிக் காட்டினான். எல்லாம் ஓவர். கடற்கரையில் எடுத்ததில் வானத்தையே காணோம், வெள்ளைக் கடதாசி மாதிரி கிடக்கிறது. உன் மூக்கும் கன்னமும் ஒன்றாகிவிட்டன. கெமராவில் கோளாறு, ரிப்பேருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்காதே. கோளாறு கெமராவில் இல்லை.

பெரியவனிடம் படத்தின் விவரத்தைத் திறக்கச் சொன்னேன். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ஷட்டர் 1/125. சின்ன வயதில் உனக்குச் சொல்லித் தந்தது ஞாபகம் இருக்கிறதா? நல்ல வெயிலில் லென்ஸின் துவாரத்தை எஃப் 16இல் வைத்தால் ஷட்டர் ஐஎஸ்ஓ அளவுக்கு, 100 என்றால் 1/125க்குக் கிட்ட, இருந்தால் போதும். எஃப் 8 என்றால் துவாரம் பெரிது, 1/500 வேண்டும். உன்னுடையது 1/125. இரண்டு ஸ்டாப் கூட, அதாவது நாலு மடங்கு வெளிச்சம். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது: +2.

அது நான் வைத்தது. ஆடியில் நீ வந்திருந்தபோது டிக்கோயாவுக்கு மேலே தேயிலை மலையில் பனி மூடிக் கிடந்ததே, அங்கே வைத்தது. கெமரா எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெள்ளைப் பனியைக் காட்டினால் அழுக்குத் துணி போலத் தரும். அதனால்தான் கூட்டி வைத்தேன். கெமராவை நிறுத்திவிட்டு மறுபடி போட்டாலும் அது தானாகப் பூஜ்ஜியத்துக்கு வராது. நீ ஊருக்குப் போகும்போது நான்தான் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். நாலு மாதமாக நீ அதை வெளியே எடுக்கவே இல்லை போலிருக்கிறது. அவ்வளவு ஆசைப்பட்டு, சம்பளத்தைச் சேர்த்து வாங்கினாயே.

சரி. கூட்டல் கழித்தல் போட்ட பட்டனை அழுத்திக்கொண்டு சக்கரத்தைத் திருப்பிப் பூஜ்ஜியத்தில் வை. முதல் வேலை அதுதான். எடுத்த பிறகு திரையில் படத்தைப் பார்த்து நம்பாதே. அங்கே வெயிலில் திரை ஒருமாதிரி தெரியும், அறைக்குள் ஒருமாதிரி தெரியும். மலை மாதிரி ஒரு வரைபடம் வரும் பார், அது வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றால் வெளிச்சம் எரிந்துவிட்டது என்று அர்த்தம். பூஜ்ஜியத்தில் வைத்தும் வெளுத்தால் அபெர்ச்சரை, அதுதான் அந்தத் துவாரத்தை, முழுக்கத் திறந்து ஒன்று, எஃப் 11இல் ஒன்று எடு. ஷட்டரைக் கெமராவே பார்த்துக்கொள்ளட்டும். திறந்தது சரியாக வந்து எஃப் 11 மட்டும் வெளுத்தால் லென்ஸின் இதழ்கள் மூடவில்லை. அப்போது லென்ஸைக் கழற்றி பின்பக்கம் இருக்கிற பொன்னிறப் புள்ளிகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடை. அப்படி இருக்காது. நீ பூஜ்ஜியத்தில் வை.

பேராதனைக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள் நீ. நம் லயத்தில் முதலாவதாகப் போனவள். நீ போன அன்று பெரட்டுக்களத்தில் நின்றவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஏழு வயதில் டார்க் ரூமில் முக்காலியில் ஏறி நின்று டிரேயை ஆட்டுவாய். படம் மெல்ல மேலே வரும்போது முதலில் கண் வருது அப்பா என்பாய். அப்படிப்பட்டவள் +2 என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் 11 படம் எடுத்திருக்கிறாய். மனம் அதில் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சமையலறையில் எடுத்த படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ராத்திரி 2.50 என்று இருக்கிறது. நான் வைத்துக் கொடுத்த இலங்கை நேரம்தான் இன்னும் கெமராவில் இருந்தால் கட்டாரில் 12.20. கண் விழித்தால் உனக்குத் தலை இடிக்கும், உனக்கே தெரியும். உன் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பின்னால் இருக்கிற ஜன்னல் கண்ணாடி இருட்டாக இருப்பதால் அதில் விழுந்த பிம்பம் மட்டும் சுத்தமாகத் தெரிகிறது. மேசையில் ஒரு கோப்பை. அரிசி டின் மேல் கெமரா. கெமராவுக்குப் பின்னால் ஆள் இல்லை. மருமகனுக்கு அன்று இரவு வேலையாக இருந்திருக்கும். மற்றப் பத்திலும் அவர் இல்லை, அவர்தான் எடுத்தார் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

அத்தையிடம் அரைமணி நேரம் கதைக்கிறாய், என்னிடம் சாப்பிட்டீர்களா மருந்து குடித்தீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். அது போகட்டும்.

நெகட்டிவில் இரண்டு ஸ்டாப் கூடினாலும் பிரிண்ட் போடும்போது இழுத்துவிடலாம். டிஜிட்டலில் வெள்ளை எரிந்தால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. பெரியவனிடம் இருட்டாக்கு, இன்னும் இருட்டாக்கு என்று சொல்லிப் பார்த்தேன். கன்னம் சாம்பலாக மாறியது, அவ்வளவுதான். உன் கண்ணுக்குக் கீழே பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அங்கே ஒன்றும் வரவில்லை.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன தோட்டத்து ஆட்களுக்குத் தாத்தாதான் பாஸ்போர்ட் படம் எடுத்தார். கன்னத்துக் குழி தெரியாவிட்டால் காசு வாங்காமல் மறுபடி உட்காரவைத்து எடுப்பார். நான் அப்படி இருக்கவில்லை. வெள்ளையாகக் கேட்டவர்களுக்கு வெள்ளையாகவே கொடுத்தேன். உன் அம்மாவுக்கும் அதைத்தான் செய்தேன், பாப்பா. சாமி அறையில் இருக்கிற அந்தத் தீபாவளிப் படம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நெகட்டிவில் அந்த இடம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், அங்கே பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் வெளுத்துவிடும். ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் இரண்டு கண்ணுக்கும் நிரப்பினேன். கன்ன எலும்பையும் மறைத்தேன். லென்ஸ் வழியாக அவ்வளவு கிட்டத்தில் பார்த்தவன் நான், என்ன செய்கிறது உனக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படம் நல்லா வந்திருக்கு என்று அவளும் சிரித்தாள். தை பிறந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அத்தையிடம்கூட.

அதனால் பகலில் ஒன்று எடு. ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நில், வெளிச்சம் ஒரு கன்னத்தில் மட்டும் விழட்டும். பூஜ்ஜியத்தில் வை. வாட்ஸ்அப்பில் போடாதே, விவரம் எல்லாம் அழிந்துவிடும், மின்னஞ்சலில் அனுப்பு. பவுடர் போடாதே. சிரிக்கவும் வேண்டாம்.

டிக்கெட் காசு என்னிடம் இருக்கிறது. ஸ்டூடியோ முன்பக்கத்தை வாடகைக்கு விட்டது அப்படியே இருக்கிறது, யாருக்கும் சொல்லவில்லை. உன் அறையில் அத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை ஜன்னலைத் திறந்து விடுகிறாள்.

அப்பா