எண்ணூர்க் கழிமுகத்தில் கைகொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பறவைகள் வலசை வரும் இந்தக் காலம் முழுக்கக் கூட நின்றவர்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லத்தான் ஆசை, ஆனால் பாதிப் பேர் போனையே எடுப்பதில்லை, அதனால் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

முதலில் காட்டுக்குப்பம் படகுக்கார அண்ணன்களுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்றில் படர்ந்தபோது வாளியால் அள்ளியவர்கள் மீனவர்கள்தான். தொழில் படுத்துக் கிடந்த அந்த நேரத்திலும், இறகு ஒட்டிப்போன கூழைக்கடா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். பறவையைக் காப்பாற்ற மீனவரை ஒதுக்கி வைக்கணும் என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

எண்ணெய் பட்ட இறகுக்குள் தண்ணீர் புகுந்து பறவை விறைத்துப்போகும், அலகால் கோதினால் வயிற்றுக்குள்ளும் போகும். பரிதாபப்பட்டு உடனே குழாயடியில் கழுவக் கூடாது, சின்னப் பறவை என்றால் காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி.

அப்புறம், கையால் இறால் தடவிப் பிடிக்கும் அக்காக்கள். சேற்றில் கால் வைத்ததுமே இங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கு, அங்கே காக்கா ஆழி (வெளியிலிருந்து வந்து பரவிய சிப்பி) அடைத்திருக்கு என்று சொல்லிவிடுவீர்கள். சைபீரியாவிலிருந்து வரும் வளைமூக்கு உள்ளானுக்குத் தண்ணீர் வற்றும் சில மணி நேரத்தில் அந்தச் சேற்றில் கிடைக்கும் புழுவும் பூச்சியும்தான் சாப்பாடு, வசந்தத்தில் திரும்பிப் பறக்கக் கொழுப்பு சேர்ப்பதும் அதைத் தின்றுதான். சேற்றை மூடினால் இறாலும் போச்சு, உள்ளானும் போச்சு. ஆற்றில் சாம்பல் கலப்பதை நிறுத்துங்கள், கழிமுகத்தை மண்கொட்டி மேடாக்காதீர்கள் என்று நீங்கள் கேட்பதைத்தான் பறவை பார்க்கிற நாங்களும் கேட்கிறோம், இனி மனுவிலும் சேர்ந்தே கையெழுத்துப் போடுவோம்.

கரையில் கிடந்த நைலான் வலைத் துண்டுகளைப் பொறுக்கிய பள்ளிப் பிள்ளைகளே, காலில் நைலான் நரம்பு சுற்றி நொண்டும் பறவையை ஒருமுறை பார்த்தவருக்கு உங்கள் வேலையின் அருமை தெரியும். கேமராத் தம்பிகளுக்கும் நன்றி, பறக்கிற படம் வேண்டும் என்று மேய்கிற கூட்டத்தைக் கிளப்பிவிடுவதை நிறுத்தினீர்களே! (இன்னும் ஒருவர் இருக்கிறார், அவருக்கே தெரியும்.)

பொறுக்கிய வலை மூட்டைகள் டீக்கடைக்குப் பின்னால் அப்படியே கிடக்கின்றன, கடைக்கார அண்ணன் முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்டார். குட்டியானை வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏற்றிவிடலாம், டீசல் காசு நான் தருகிறேன்.