தட்டை உயர்த்தி வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் 34 ஆண்டுகள் கணக்குப்பிள்ளையாக இருந்த எங்கள் அப்பாவின் கருமாதி சென்ற வாரம் நிறைவுற்றது. வந்தவர்களுக்கெல்லாம் கைகூப்பி விடைகொடுத்தோம். ஆயினும் அவருடைய நோய்க்காலத்தில் துணைநின்றவர்களுள் பலரால் அன்று மலையேறி வர இயலவில்லை; சிலருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இம்மடல்.

முதல் நன்றி, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த அக்காவுக்கு. ஒரு சீமந்தப் பந்தியில், இலையின் மேற்பாதியில் இருந்த பொரியலையும் கூட்டையும் உண்டுவிட்டு, தம் பக்கமிருந்த சோற்றைத் தொடாமலே அப்பா எழுந்துவிட்டார். சமையல் பிடிக்கவில்லையோ என்று மற்றவர்கள் மனம் வருந்திக்கொண்டிருந்தபோது, "கணக்குப்பிள்ளை ஐயாவுக்குக் கீழே இருக்கிறது தெரியவில்லை" என்று சொன்னவர் அவர். அன்று மாலையே எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு பித்தளைச் சட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வைத்துப் பரிமாறிக் காட்டினார். அப்பா முழுச்சோற்றையும் உண்டார். அக்கா ஒரே மாலையில் கண்டதை மருத்துவத்தின் வாயால் கேட்க எங்களுக்கு மேலும் ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

அந்த ஒன்றரை ஆண்டில் கண்புரை அறுவை செய்யப்பட்டது. பார்வை தெளிந்தது, சோறு மட்டும் தெரியவில்லை. பிறகு, பார்க்கின்சன் நோய் என்று மாத்திரை தரப்பட்டது. அதில் பெரிய பயன் இல்லை. நடுக்கமே இல்லாதவர் அடிக்கடி பின்புறமாக விழுந்துகொண்டிருந்தார். இமைப்பது குறைந்து, புருவம் உயர்ந்து, விழித்த பார்வை நிலைத்துவிட்டதால், முறைக்கிறார் என்று ஒரு பழைய நண்பர் பேச்சை நிறுத்திக்கொண்டார். அவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. நாங்களே சில நாள் அப்படித்தான் எண்ணினோம்.

20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் நாங்கள் கண்ட நரம்பியல் மருத்துவருக்கு எங்கள் இரண்டாம் நன்றி. அவர் தம் விரலைப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் அசைத்து, அதையே பார்த்துவரச் சொன்னார். அப்பாவின் கண்கள் பக்கவாட்டில் ஓடின, கீழே போகவில்லை. அடுத்து, விரலிலேயே பார்வையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அப்பாவின் தலையைத் தம் கைகளால் மெல்லப் பின்னுக்குச் சாய்த்தார். அதுவரை இறங்காத கருவிழிகள் இரண்டும் தாமாகவே இறங்கின. "பார்த்தீர்களா, கண்ணை அசைக்கும் தசையும் நரம்பும் நன்றாக இருக்கின்றன. கீழே பார் என்று மேலிருந்து வரும் கட்டளைதான் வந்து சேரவில்லை" என்றார். ஸ்கேன் படத்தில் நடுமூளை சுருங்கி, ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்டு) என்னும் பறவையின் தலையும் அலகும் போலத் தெரிந்ததையும் காட்டினார். டௌ என்னும் புரதம் மூளைச் செல்களில் திரண்டு அவற்றை அழிக்கும் இந்நோயின் பெயர் புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி. கனடாவின் டொராண்டோ நகர மருத்துவர்கள் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி ஆகிய மூவர் 1964-இல் இதை விரிவாக எழுதியதாகவும், நோயை நிறுத்தும் மருந்து இல்லை என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மைக்காகவும் நன்றி.

சேலத்து ஐந்து ரோட்டுப் பக்கம் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் தம்பி செய்த உதவி, பார்வைக்குச் சிறியது. படிக்கும் வில்லை கீழ்ப்பாதியில் இருக்கும் கண்ணாடி, கண்ணைத் தாழ்த்த முடியாதவருக்கு வீண் என்பதை அவரே கண்டுகொண்டு, படிப்பதற்கென்று முழு வில்லையில் தனிக் கண்ணாடி செய்துகொடுத்தார். பின்னர் மருத்துவர் எழுதித் தந்தபடி, அடிப்பக்கம் தடித்த பட்டக (பிரிசம்) வில்லைகளையும் பொருத்தித் தந்தார். கீழிருக்கும் எழுத்தை அவை சற்று மேலே தூக்கிக் காட்டின. இமைகள் மூடிக்கொண்டு திறக்க மறுத்த பிற்காலத்தில், பேருந்தில் அப்பாவின் நெற்றியைத் தடவித் திறக்க உதவிய, பெயர் அறியாத அம்மையாருக்கும் நன்றி. கண் உலராமல் இருக்க வேளைதவறாமல் சொட்டுமருந்து விட்ட பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியை எப்படி மறப்பது?

காப்பி உலர்த்தும் களத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறும் 11 படிகளின் விளிம்புக்கும் இளைஞர்கள் சிலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். உண்மையைச் சொன்னால் அது அப்பாவுக்குப் பயன்படவில்லை. கீழே பார்க்க முடியாதவருக்குப் படி மஞ்சளானால் என்ன, கறுப்பானால் என்ன? அதே இளைஞர்கள் மறுவாரம் வந்து கைப்பிடிக் குழாய் பதித்தார்கள். அதன்பின் அந்தப் படிகளில் அவர் ஒருமுறையும் விழவில்லை. வண்ணத்துக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறோம்.

கடைசியாக, சில்வர் ஓக் பலகையில் தாங்கி செய்துகொடுத்த தச்சர் அண்ணனுக்கு. தட்டும் நாளிதழும் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றது அதனால்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். காப்பிக்கொட்டை மட்டும் ஒரு படி பெற்றுக்கொண்டார். அந்தத் தாங்கியும் பட்டகக் கண்ணாடியும் இப்போது எங்களிடம் சும்மா இருக்கின்றன. கண்ணாடியின் வில்லையை மாற்ற வேண்டியிருக்கும். தாங்கி யாருக்கும் பொருந்தும். இதே நோயோடு இருப்பவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் வந்து எடுத்துச் செல்லுங்கள். உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் வலப்புறத் திருகாணியை மட்டும் தளர்த்தினால் போதும்.

இங்ஙனம்,
பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள்
ஏற்காடு