பாடுபவரைக் காணோம்: இயர்போன் வாங்க வருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். கையில் விரல் நீளத்துக்கு ஒரு எம்பி3 பிளேயர். மெமரி கார்டு நிறையச் சினிமாப் பாட்டும், ஊர்த் திருவிழாவில் பேரன் போனில் பிடித்துக் கொடுத்த தெருக்கூத்தும். "தம்பி, நாலு நாள் முன்னாடி உங்ககிட்ட வாங்கின ஹெட்செட்டு. வயலின் கேக்குது, கோரஸ் கேக்குது, பாடுறவரை மட்டும் காணோம். கூத்தைப் போட்டா ஒண்ணுமே வரல" என்றார். கடைப் பையன் சிரித்துவிட்டான். நான் காதில் வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே உண்மை.

அந்த இயர்போனில் மைக் இருந்தது. ஒயரில் உள்ள சின்ன பட்டனை அழுத்திப் பிடித்தேன், பாடுபவர் வந்துவிட்டார். விட்டேன், போய்விட்டார். பெரியவருக்கு ஒரே ஆச்சரியம். பையனும் சிரிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

காரணம் பிளேயரில் செருகும் பின்னில் இருக்கிறது. 3.5 மி.மீ. பின்னை உற்றுப் பாருங்கள். இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் மைக் இல்லாதது, மூன்று இருந்தால் மைக் உள்ளது. பாட்டுக்கென்றே செய்த சில பிளேயர்களின் துளை இரண்டு வளையப் பின்னுக்கு மட்டும் அமைந்தது. மூன்று வளையப் பின்னைச் செருகினால், இடது வலது இரண்டுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பும் கம்பி சரியான இடத்தில் தொடாமல் போகலாம். அப்போது இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடுபவரின் குரலை இரண்டு பக்கத்திலும் சமமாக வைத்துத்தான் பதிவு செய்வார்கள், அதனால் அது கழிந்துவிடுகிறது. கூத்துப் பதிவு போனின் ஒரே மைக்கில் பிடித்தது, இரண்டு பக்கமும் ஒன்றேதான், ஆகவே முழுதும் கழிந்துவிட்டது. பட்டனை அழுத்தினால் மைக்கின் வழியாக அந்தக் கம்பி சேர்ந்துகொள்கிறது. பின்னை ஒரு மயிரிழை வெளியே இழுத்தாலும் சில பிளேயரில் சரியாகிவிடும். ஆனால் காலமெல்லாம் பட்டனைப் பிடித்துக்கொண்டா பாட்டுக் கேட்பது? மைக் இல்லாததை மாற்றிக் கொடுத்தேன். தப்பு எங்களுடையது. எதில் மாட்டப் போகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். இந்த மடல் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

இன்னும் யார் பிளேயர் வாங்குகிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. 2001இல் வந்த ஆப்பிளின் ஐபாட் பிளேயரையே 2022இல் நிறுத்திவிட்டார்கள், உண்மைதான். ஆனால் போனை உள்ளே விடாத கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள், ராத்திரி மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர்கள், போன் என்றாலே கண் வலிக்கிறது என்கிற வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் எங்கள் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். இவர்களில் பலரின் பிளேயரில் புளூடூத் கிடையாது. டைப்-சி பின் வைத்த புது இயர்போனும் அதில் நுழையாது. சாதாரண 3.5 பின், ஒயர் உள்ளதுதான் வேண்டும்.

சரி, எதை வாங்குவது? என்னைக் கேட்டால் முதலில் காதுக்குள் போகும் முனை ரப்பரைப் பார்க்கச் சொல்வேன். விலையும் பெயரும் பிறகு. "பேஸே இல்லை" என்று திரும்பி வரும் இயர்போனில் பத்துக்கு ஏழு எட்டில் பழுதே இருப்பதில்லை. காதுத் துளைக்கும் ரப்பருக்கும் இடையே சந்து இருந்தால் முதலில் தப்பிப் போவது அடித்தாளம்தான். தவில் தகர டப்பா ஆகிவிடும். பெட்டிக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி ரப்பர் வருகிறது, பலர் மாட்டி வந்ததோடு சரி, மற்ற இரண்டும் அட்டையோடு குப்பைக்குப் போய்விடுகின்றன. மாட்டும்போது எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துக்கொண்டு செருகுங்கள். பிறகு ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் உங்களுக்கே கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. எனக்கே வலதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சிறியது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், இன்ஜின் சத்தத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வால்யூமை உச்சத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கும். ரப்பர் நன்றாக அடைத்தால் பாதி வால்யூமே போதும். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம், 90 என்றால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம்மில் யாரிடம் டெசிபல் மீட்டர் இருக்கிறது? பாட்டை நிறுத்தியதும் காதில் 'ங்ஙொய்' என்று கேட்டால் அளவு மீறிவிட்டது, அவ்வளவுதான் கணக்கு. வண்டி ஓட்டும்போது மாட்டவே மாட்டாதீர்கள். தொப்பூர் கணவாயில் பின்னால் வரும் லாரியின் ஹாரன் பாட்டைவிட முக்கியம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் பற்றிக் கொஞ்சம். 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று நூறு ரூபாய்ப் பெட்டியிலும் இருக்கும், பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் இருக்கும். அது மனிதக் காதுக்குச் சொல்லும் எல்லை, அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. 10 மி.மீ. டிரைவர் (உள்ளே சத்தம் எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) 6 மி.மீ. டிரைவரைவிட நல்லது என்பதும் அப்படித்தான். ஓம் எண்ணை, அதாவது மின்தடை அளவை, மட்டும் பாருங்கள். 16 அல்லது 32 இருந்தால் சின்ன பிளேயருக்குப் பொருந்தும். ஸ்டுடியோவுக்கென்று செய்த 250 ஓம் சாமானை இதில் மாட்டினால் எறும்பு பேசுவதுபோல் கேட்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே 'ஸ்ஸ்ஸ்' என்று இரைச்சல் வந்தால் இயர்போனைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது பிளேயரின் இரைச்சல், கூர்மையான இயர்போன் அதைக் காட்டிக் கொடுக்கிறது.

'எக்ஸ்ட்ரா பேஸ்' வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் நிறைய. கொடுக்கிறோம். ஆனால் கூத்து, பழைய பாட்டு, சொற்பொழிவு கேட்பவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. அடி கூடினால் குரல் போர்வைக்குள் போய்விடும். மறுபக்கம், மேல் ஸ்தாயி தூக்கலாக உள்ளதில் முகவீணை, கூத்தில் ஊதும் அந்தச் சின்னக் குழல், காதைக் கீறும். கடையில் நான் சோதிப்பது முகவீணையை வைத்துத்தான். அதை உறுத்தாமல் கேட்க வைக்கும் இயர்போன் மற்றதையும் ஒழுங்காகத் தரும்.

விலைக்கு வருவோம். எங்களிடம் 250 முதல் 1,500 ரூபாய் வரை இருக்கிறது, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து. 600 முதல் 900க்குள் நல்ல சாமான் கிடைக்கும். ஆயிரத்தைத் தாண்டினால் ஒயரைக் கழற்றி மாட்டும் வகை, ஒயர் போனால் ஒயர் மட்டும் வாங்கலாம். ஆயிரம் ரூபாய் பிளேயருக்கு அதற்கு மேல் போக வேண்டாம். போன வருடம் மொத்த வியாபாரத்தில் மலிவாக வந்தது என்று நாற்பது உருப்படி எடுத்தேன். மூன்று மாதத்தில் ஒயர் மரப்பட்டை மாதிரி விறைத்துப் போனது. வாங்கியவர்களில் திரும்பி வந்தவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தாயிற்று. இன்னும் யாரிடமாவது இருந்தால், பில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள்.

"ஒரு பக்கம் கேக்கல" என்று வருவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ரப்பரைக் கழற்றினால் உள்ளே சன்னமான வலை தெரியும். அதில் காதழுக்கு அடைத்திருந்தால் வாய்ப்பக்கத்தைக் கீழே பார்த்துப் பிடித்து, காய்ந்த பல்துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தட்டுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். ரப்பரை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மாட்டலாம். அடுத்தது, வேறு பிளேயரில் மாட்டிப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு துளைக்குள் போய் அடைத்திருப்பதும் உண்டு. இரண்டும் இல்லையென்றால் பின் அருகே ஒயர் அறுந்திருக்கும். பிளேயரைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைப்பவர்களுக்கு அதுதான் நடக்கும். எல் வடிவில் வளைந்த பின் உள்ளதை எடுத்தால் சட்டைப் பையில் வைக்கும்போது அந்த இடம் அவ்வளவாக மடியாது.

வரும்போது உங்கள் பிளேயரையும், உங்களுக்கு அத்துப்படியான இரண்டு பாட்டையும் கொண்டு வாருங்கள். சோதனைக்கு வைத்திருக்கும் இயர்போனை ஒவ்வொருவருக்கும் ஸ்பிரிட்டில் துடைத்து, வேறு ரப்பர் போட்டுத்தான் தருகிறோம். ஞாயிறு மதியம் வரை மட்டும் கடை உண்டு.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்,
தர்மபுரி

பின்குறிப்பு: தனி ரப்பர் மூன்று அளவிலும் வந்திருக்கிறது. எங்களிடம் இயர்போன் வாங்கியவர்களுக்கு ஒரு ஜோடி சும்மாவே தருகிறோம். பென்னாகரத்துப் பெரியவர் நான்கு ஜோடி எடுத்துக்கொண்டு போனார், கேட்காமலே.