கோலாலம்பூரைத் தொடங்கியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோலாலம்பூரை நிறுவியவர் சீனத் தலைவர் யாப் ஆ லோய் என்று எழுதுவது ஆண்டுக் கணக்கிலேயே இடிக்கிறது. அவர் இங்கு வந்ததே 1862இல்தான். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1857இல், கிள்ளான் ராஜா அப்துல்லாவும் சகோதரர் லுக்குட் ராஜா ஜுமாத்தும் மலாக்கா வணிகர்களிடம் கடன் வாங்கி, 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தோண்ட அனுப்பினார்கள். கோம்பாக் ஆறு கிள்ளான் ஆற்றில் சேரும் முனை வரைதான் படகு ஏறியது. சாமான்களை அங்கேயே இறக்கிவிட்டு, ஈயம் தோண்ட வேண்டிய அம்பாங்குக்குக் காட்டுவழியே நடந்தார்கள். ஒரே மாதத்தில் மலேரியாவுக்கு 69 பேர் பலியானார்கள். பிறகு வேறு ஆட்களை அனுப்பி, 1859இல் முதல் ஈயத்தை ஏற்றுமதி செய்தார்கள். படகு நின்ற அந்த முனைதான் ஊராயிற்று.

சுமத்ராவிலிருந்து வந்த மண்டைலிங் இனத்து வணிகர் சுத்தான் புவாசாவை இந்தப் பேச்சில் விட்டுவிடுவது பெரிய அநியாயம். லுக்குட்டிலிருந்து ஹியூ சியூவை இங்கே கடை போட அழைத்தவர் அவர். அந்த ஹியூ சியூதான் இங்கே முதல் கப்பித்தான், அதாவது சீனர்களின் தலைவர்; யாப் ஆ லோய் மூன்றாமவர்.

யாப் ஆ லோயின் உண்மையான பெருமை வேறு. சிலாங்கூர் உள்நாட்டுப் போரில் அழிந்த ஊரை 1873க்குப் பின் மீட்டெடுத்தவரும், 1881இல் தீயில் போன மரக் கடைகளையும் அத்தாப்பு எனும் ஓலைக் கூரைக் கடைகளையும் திரும்ப எழுப்பியவரும் அவரே. செய்திகளில் அவரை அப்படியே குறிப்பிடுங்கள். 1857க்கு உரிய பெயர்களையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோலாலம்பூர்