கூரையின் இடுக்குகளையும் விதியில் சேருங்கள்

காட்டோரக் குடியிருப்புகளுக்குக் கட்டட விதி வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். கூரைக்கு எரியாத பொருளைத்தான் போட வேண்டும் என்பது நல்ல விதி. யார் கேட்டாலும் அதைத் தளர்த்தாதீர்கள். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் வீடு தப்பாது.

காட்டுத்தீயில் பல வீடுகளைத் தீ நேராக வந்து தொடுவதே இல்லை. அது ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போதே காற்று கங்குகளை அள்ளி வந்து கூரைமேல் கொட்டுகிறது. ஓட்டின்மேல் விழுந்த கங்கு தானாக அணைந்துவிடும். உருண்டுபோய் இடுக்கில் உட்கார்ந்தால்தான் வினை.

வளைவு ஓடு வேய்ந்த வீட்டில் ஏணி வைத்து இறவாரத்தைப் பாருங்கள். கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் அரைவட்டப் பொந்துகள் இருக்கும். பறவைகள் அதற்குள்தான் காய்ந்த புல்லைக் கொண்டுவந்து கூடு கட்டும். ஓடு எரியாது, சரி. கூடு எரியுமே, அதை ஒட்டியுள்ள மரச்சட்டமும் எரியுமே! வெளியே புகை தெரிவதற்குள் தீ பரணுக்குப் போய்விடலாம். அந்தப் பொந்தைச் சாந்து வைத்து அடைப்பது பெரிய வேலையே இல்லை. விதியில் இல்லாததால் யாரும் செய்வதில்லை.

கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத்தில் சருகு சேர்ந்தாலும் இதே கதைதான். பரணின் காற்றுத் துளைகளுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள உலோக வலை வேண்டும். பிளாஸ்டிக் வலை சூட்டில் உருகிவிடும்.

அப்புறம், தரச்சான்று. கூரை தீயைத் தாங்கும் என்பதற்குத் தரும் மிக உயர்ந்த சான்று 'ஏ' வகுப்பு. அதற்கு, எரியும் 2 கிலோ மரக்கட்டை அடுக்கைக் கூரைமேல் வைத்துச் சோதிக்கிறார்கள். கடுமையான சோதனைதான். ஆனால் அலுமினியத் தகடு போன்றவை அடியில் தீ தாங்கும் விரிப்பு இருந்தால்தான் அதில் தேறும். விரிப்பை விட்டுவிட்டுத் தகட்டை மட்டும் அறைந்தால் அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை. மூடிய பிறகு வரும் ஆய்வாளருக்கு அது தெரியவும் தெரியாது. எனவே தகடு ஏறுவதற்கு முன்பே ஒருமுறை ஆய்வுக்கு வாருங்கள். இதை மிகவும் வலியுறுத்திக் கேட்கிறேன்.

இது நடக்காத காரியம் இல்லை. கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ அபாயப் பகுதிகளில் 2008 முதல் கட்டும் வீடுகளுக்குக் கூரையோடு காற்றுத் துளை, இறவாரம், வெளிச்சுவர் எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது.

பழைய வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். கூரை மாற்ற அனுமதி கேட்டு வரும்போதே இவற்றையும் சரிசெய்யச் சொல்லலாம். வரைவு எழுதும்போது கூரை வேய்கிறவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எந்த இடுக்கு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த கோடைக்கு முன்பே வரைவை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
காட்டோரத்தில் குடியிருக்கும் ஒருவர்