பிசிஜி ஊசி பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள செல்விக்கு,

காசநோயையே முழுசாகத் தடுக்காத பிசிஜி ஊசியைக் குட்டிக்கு எதற்குப் போட வேண்டும் என்று கேட்டாய். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் குட்டி அழுதுவிடுகிறாள், அதனால் எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னதில் பாதி சரி. பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் காசநோயை அது தடுக்கவில்லை என்று காட்டியதே நம் செங்கல்பட்டில் 1968-இல் தொடங்கிய பெரிய ஆய்வுதான். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலாகவும் உடம்பெங்கும் பரவியும் வருகிற கொடிய காசநோயை நன்றாகவே தடுக்கிறது, இங்கே பிறந்தவுடன் போடுவது அதற்காகத்தான். செவிலியராக இருந்த வருஷமெல்லாம் தாய்மார்களிடம் இதைத்தான் சொன்னேன். இன்னொரு விஷயம் இருக்கிறது, அதை எங்களுக்குப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை, ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி பிசாவு என்று ஒரு சின்ன நாடு. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் ஆபி என்ற மானிடவியலாளர் 1978-இல் அங்கே போய், குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு பிசிஜியைத் தள்ளிப்போடுவது அந்த ஊர் வழக்கமாக இருந்தது. அவருடைய குழுவினர் அப்படிப்பட்ட குழந்தைகளில் ஒரு பாதிக்கு, குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பிறந்தவுடனே போட்டார்கள். இப்படி நடந்த மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடனே ஊசி போட்ட குழந்தைகளிடம் முதல் மாதச் சாவு 38 சதவீதம் குறைந்திருந்தது. பிறந்து ஒரு மாதத்துக்குள் காசநோயால் எந்தக் குழந்தை சாகப்போகிறது? குறைந்ததெல்லாம் ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸும் மூச்சுத் தொற்றும்தான். காசநோய்க் கிருமிக்கும் இவற்றுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எப்படி என்று நீ கேட்பாய். ஒரு கிருமியை ஞாபகம் வைத்துக்கொள்வது லிம்ஃபோசைட் என்ற வெள்ளை ரத்த அணுக்களின் வேலை, அவை தமக்குத் தெரிந்த கிருமியைத்தான் அடிக்கும் என்று நாங்கள் படித்தோம். அவற்றுக்கு முன்னால் ஓடிவரும் மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளை அணுவுக்கு ஞாபகமே கிடையாது என்றும் படித்தோம். நெதர்லாந்தில் நைமேகன் நகரத்தில் மிஹாய் நெட்டேயாவின் குழு 2012-இல் அதை மாற்றி எழுதியது. பிசிஜி போட்டுக்கொண்டவர்களின் ரத்தத்திலிருந்து மோனோசைட்டை எடுத்து, கேண்டிடா என்ற பூஞ்சையையும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவையும் காட்டினால், அவை முன்பைவிடப் பலமாக எதிர்வினை செய்தன, மூன்று மாதம் கழித்தும் செய்தன. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் சில ரசாயனக் குறிகள் மாறி, சண்டைக்கு வேண்டிய மரபணுக்கள் திறந்தபடியே நிற்கின்றனவாம். சரி, மோனோசைட்டுக்கு ஆயுசே சில நாள்தானே, மூன்று மாதம் எப்படி? அந்த மாற்றம் எலும்பு மஜ்ஜையில் உள்ள தாய் அணுக்கள் வரைக்கும் போகிறது என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். இதற்குப் பயிற்சி பெற்ற எதிர்ப்பு சக்தி என்று பெயர்.

ஆனால் இதை எல்லாவற்றுக்கும் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதே. டென்மார்க்கில் பெரும்பாலும் நல்ல எடையோடு பிறந்த குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரிச் சேர்க்கை குறையவில்லை. புதுச்சேரியிலும் சென்னையிலும் 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ரஷ்ய வகை பிசிஜி போட்டுப் பார்த்தார்கள், இறப்பு குறையவில்லை. கொரோனா வந்தபோது மருத்துவப் பணியாளர்களிடம் நடந்த பெரிய ஆய்விலும் பலன் தெரியவில்லை. எந்த வகைக் கிருமியில் செய்த ஊசி, எந்த ஊர், எவ்வளவு சீக்கிரம், எல்லாமே கணக்கில் வருகிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஊசி போடும் விதமும் அப்படித்தான். இடது தோளில், தோலின் மேலடுக்குக்குள் மட்டும், பிறந்த குழந்தைக்கு 0.05 மில்லி ஏற்ற வேண்டும், சரியாக ஏறினால் ஆரஞ்சுத் தோல் மாதிரி சின்ன மேடு எழும். கொஞ்சம் ஆழமாகப் போனாலும் மேடு எழாது. சில வாரத்தில் அந்த இடம் சிவந்து, புண்ணாகி, தானே ஆறித் தழும்பாகும், மருந்து எதுவும் தடவக் கூடாது. கினி பிசாவில் ஊசி போட்டவர்களிலேயே தழும்பு விழுந்த குழந்தைகளிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது.

குட்டிக்கு என்ன செய்வது? நீங்கள் இருக்கும் கனடாவில் எல்லாக் குழந்தைக்கும் பிசிஜி போடுவதில்லை. பொங்கலுக்கு வந்து இங்கே கொஞ்ச நாள் தங்குவதாக இருந்தால், காசநோய்க்காகவே போடலாமா என்று அங்குள்ள குழந்தை டாக்டரிடம் கேள். உயிருள்ள கிருமி ஊசி அது, பிறவியிலேயே எதிர்ப்பு சக்திக் குறை இருந்தால் போடக் கூடாது, அதையும் அவர்தான் பார்க்க வேண்டும். மற்ற நோய்களுக்கும் உதவினால் நல்லது, அதை நம்பி முடிவெடுக்காதே.

தட்டம்மை ஊசியை மட்டும் தள்ளிப்போடாதே. மற்ற கிருமிகளுக்கு எதிராக உடம்பு சேர்த்து வைத்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை தட்டம்மை அழித்துவிடும் என்று 2019-இல் கண்டார்கள், அதனால் வந்து போன பிறகும் குழந்தை வேறு நோய்களில் விழும். அந்த ஊசி போட்டால் அந்த நஷ்டமும் இல்லை. வெளிநாடு போகும் குழந்தைக்கு அங்கே ஆறு மாதத்திலேயே ஒன்று போடுவார்கள், அப்புறம் ஒரு வயதில் வழக்கமானதையும் போட வேண்டும். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் தேதி வாங்கிவிட்டு எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அம்மா